உங்கள் மனுவின் எண் என்ன?

திங்கட்கிழமை காலையில் லோயர் கேம்பிலிருந்து தேனிக்கு வரும் பேருந்தில் ஏறினால், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பையோடு ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். சிலர் கையில் மஞ்சப் பை, சிலர் கையில் பிளாஸ்டிக் கவர், படித்த பிள்ளைகளிடம் ஜிப் வைத்த ஃபைல். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: பத்திர நகல், பழைய தீர்வை ரசீது, ஆதார், குடும்ப அட்டை, முன்பு எப்போதோ கொடுத்த மனுவின் ஜெராக்ஸ். கலெக்டர் ஆபீசில் வாரந்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இவர்கள்.

இவர்களில் பலர் கேட்கப் போவது சலுகை இல்லை. பட்டாவில் தவறாக விழுந்த அப்பா பெயரைத் திருத்த வேண்டும். இறந்துபோன தாத்தாவின் நிலத்தைப் பேரன்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். நின்றுபோன முதியோர் உதவித்தொகை திரும்ப வர வேண்டும். உண்மையாக இருக்கும் ஒன்றை அரசின் தாளும் உண்மை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனை நடை.

இந்த நடை முன்பு இன்னும் நீளமாக இருந்தது. 1996-ல் மதுரை மாவட்டத்திலிருந்து தேனி பிரிக்கப்படும் வரை, கம்பத்துக்காரர் கலெக்டரைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதுரைக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும். அதிகாரி முகாமுக்குப் போயிருந்தால் இரண்டு நாள் கூலி போகும். இன்று தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம் என ஐந்து தாலுகா. பெரியகுளத்திலும் உத்தமபாளையத்திலும் கோட்டாட்சியர் அலுவலகம். ஊருக்கு ஊர் இ-சேவை மையம். தூரம் குறைந்துவிட்டது. ஆனால் “சார் வெளியில போயிருக்காரு, நாளைக்கு வாங்க” என்ற பதிலும், அதன் புதிய வடிவமான “சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க” என்ற பதிலும் குறையவில்லை. சிக்கல் தூரத்தில் மட்டும் இருந்ததில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

பாதிச் சிக்கலின் வேரைத் தேடினால் 1979-ல் போய் நிற்கும். அந்த ஆண்டு ஜூனில் தமிழ்நாடு அரசு நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. வருவாய்த்துறையில் இதற்கு யு.டி.ஆர். என்று பெயர். 1987 வரை நடந்த இந்த வேலையில், ஊர் ஊராக நில ஆவணங்கள் புதிதாக எழுதப்பட்டன. பழைய சர்வே எண்கள் உடைந்து புதிய உட்பிரிவுகள் வந்தன. ஏக்கர், செண்ட் என்றிருந்த பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்குக்கு மாறியது. அரை நூற்றாண்டாகச் செய்யாத வேலையைச் செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. அது செய்யப்பட வேண்டிய வேலையும்தான். ஆனால் லட்சக்கணக்கான பதிவுகளைக் கையால் எழுதியபோது பிழைகளும் சேர்ந்தே எழுதப்பட்டன. அண்ணன் நிலம் தம்பி பெயரில் ஏறியது. கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளியின் பெயர் விடுபட்டது. தலைமுறையாக உழுத இடம் புறம்போக்கு என்று பதிவானது. பத்திரத்தில் ஒரு பரப்பு, பட்டாவில் வேறு பரப்பு. எழுதியது யாராக இருந்தாலும், அதைத் திருத்தித் தரச் சொல்லி நடக்க வேண்டியவர் மட்டும் நிலத்துக்காரர்.

அதே காலத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஊர்க் கணக்குப்பிள்ளை, மணியம் பதவிகளை ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. 1982-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பரம்பரை அதிகாரம் ஊர்களில் செய்த அட்டூழியங்களை நினைத்தால், அந்தப் பதவிகள் போனது நல்லதே. கிராம நிர்வாக அலுவலர்கள் தேர்வு எழுதி வந்த பிறகுதான் எல்லாச் சாதியாரும் அந்த நாற்காலியில் உட்கார முடிந்தது. ஆனால் எந்த வரப்பு யாருடையது என்று ஏட்டைப் பார்க்காமலே சொல்லக்கூடியவர்கள் வெளியேறிய அதே ஆண்டுகளில்தான் ஏடும் மாற்றி எழுதப்பட்டது. அந்த இரண்டும் ஒன்றாக வந்ததன் சுமையை, நாற்பது ஆண்டு கழித்தும் பேரப்பிள்ளைகள் சுமக்கிறார்கள்.

கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை போட்டிருக்கும் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற திராட்சை அது. தோட்டம் தாத்தா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகி இருபது ஆண்டு. மூன்று பிள்ளைகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு அவரவர் பங்கில் பாடுபடுகிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டாவும் அடங்கலும் கேட்கிறார்கள். பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வேண்டுமென்றால் நிலம் விண்ணப்பிப்பவர் பெயரில் இருக்க வேண்டும். அதுவும் 2019 பிப்ரவரி 1-ம் தேதி நிலவரப்படி. சரி, பெயர் மாற்றலாம் என்று கிளம்பினால் முதலில் தாத்தாவின் இறப்புச் சான்று, பிறகு வாரிசுச் சான்று, பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம், பிறகு உட்பிரிவுக்கு சர்வேயர் வந்து அளக்க வேண்டும். இறப்பைப் பதியாமலே விட்டிருந்தால் அது தனிக் கதை: 21 நாளுக்குள் இலவசமாக முடிந்திருக்க வேண்டியது, ஓராண்டு தாண்டியதால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போகும். இதற்கிடையே பட்டாவில் தாத்தா பெயர் ‘ராமு’ என்றும் இறப்புச் சான்றில் ‘ராமசாமி’ என்றும் இருந்துவிட்டால், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க இன்னொரு சுற்று.

ஒவ்வொரு படியிலும் கேட்கப்படும் தாளுக்கு ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. யாரோ ஒருவர் பொய்யாக வாரிசு என்று வந்து நின்றுவிடக் கூடாதே. ஆனால் இந்த எச்சரிக்கை எல்லோரிடமும் ஒரே அளவில் காட்டப்படுகிறதா?

தேனி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு மறக்க முடியாத பதில் ஒன்று இருக்கிறது. பெரியகுளம் தாலுகாவில் வடவீரநாயக்கன்பட்டி உள்ளிட்ட ஊர்களில் ஏறத்தாழ 180 ஏக்கர் அரசு நிலம், கணினிப் பதிவில் தனியார் பெயர்களுக்கு மாற்றப்பட்டிருந்தது 2021-ல் வெளிச்சத்துக்கு வந்தது. வருவாய்த்துறை அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்குப் போனது. தன் சொந்த நிலத்தில் ஓர் இனிஷியலை மாற்ற ஆண்டுக்கணக்கில் அலைகிற மனிதர் இருக்கும் அதே மாவட்டத்தில், அரசு நிலமே பெயர் மாறியிருக்கிறது. கணினி வந்தால் ஊழல் போய்விடும் என்று சொன்னவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். கடவுச்சொல் யார் கையில் இருக்கிறது, அவரை யார் சரிபார்க்கிறார் என்பதுதான் கேள்வி.

நிலம் இல்லாதவர்களின் அலைச்சல் வேறு மாதிரியானது. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் விரல் ரேகைப் பதிவு வந்தது. ஏலக்காய்ச் செடியின் அடியில் குனிந்து நாள் முழுதும் காய் எடுத்த கை, களை வெட்டிய கை, கல் சுமந்த கை. வயது அறுபதைத் தாண்டும்போது ரேகை தேய்ந்து போகிறது. “ஆத்தா, கையத் துடைச்சுட்டு மறுபடி வைங்க” என்று விற்பனையாளர் சொல்கிறார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், அடுத்த கை. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. கருவிழிப் பதிவு பிறகு வந்தது. கடைக்கு வர முடியாத முதியவருக்குப் பதிலாக ஒருவரை நியமிக்க அங்கீகாரப் படிவமும் உண்டு. ஆனால் அந்தப் படிவம் இருப்பதை அந்த ஆத்தாவிடம் யார் சொன்னார்கள்?

இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்கு ரேகை என்றால் வேறொரு நினைவும் உண்டு. குற்றப்பரம்பரைச் சட்டத்தை இங்குள்ள பெரியவர்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றே சொல்வார்கள். 1920 ஏப்ரல் 3-ம் தேதி, உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் மக்கள் கைரேகை வைக்க மறுத்து நின்றபோது போலீஸ் சுட்டதில் பலர் உயிரிழந்தார்கள். இங்கும் அந்தச் சட்டம் பாய்ந்தது. ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ கச்சேரியிலோ வந்து பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. ஆனால் சான்றிதழ்ச் சிக்கல் ஒழியவில்லை. 1979-ல் ஓர் அரசாணை, அந்தச் சட்டத்திலிருந்து விடுபட்ட சமூகங்களான சீர்மரபினரின் பெயர் வகையை ‘பழங்குடி’யிலிருந்து ‘வகுப்பு’ என்று மாற்றியது. 2019-ல் வந்த ஆணைப்படி மாநிலத்துக்கு ஒரு பெயரும் மத்திய அரசுக்கு ஒரு பெயரும் என்றாகி, ஒரே பிள்ளை இரண்டு சாதிச் சான்று வாங்க வேண்டி வந்தது. 68 சமூகங்களின் பிரச்சினை இது. ஒற்றைச் சான்று கேட்டு உசிலம்பட்டியிலும் தேனியிலும் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். எந்தப் பெயரில் சான்று என்பது வெளியாளுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். கல்லூரிச் சேர்க்கைக்கு நிற்கிற பிள்ளைக்கு அதுதான் வாசற்படி.

மலையின் அந்தப் பக்கம் கேரளா என்பதால் இங்கே எல்லாத் தாளும் இரட்டிப்பாகும். போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி வழியாக ஜீப்பில் இடுக்கிக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். ஏலத்தோட்டம் அங்கே, வீடும் ரேஷன் கார்டும் இங்கே என்று வாழும் சிறு விவசாயிகளும் உண்டு. 2020-ல் கொரோனாக் காலத்தில் காய் எடுக்கும் பருவம் தொடங்கியபோது, இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் இ-பாஸ், அந்தப் பக்கம் கேரளத்தின் ‘ஜாக்ரதா’ பதிவு என்று ஒரே பயணத்துக்கு இரண்டு அரசின் அனுமதி வேண்டியிருந்தது. காலையில் போய் மாலையில் திரும்புகிற கூலிக்காரரை நினைத்து அந்தப் படிவங்கள் எழுதப்படவில்லை. நோய்க் காலத்து அவசரம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஒரு பள்ளத்தாக்கே அன்றாடம் எல்லை தாண்டித்தான் சாப்பிடுகிறது என்பது இரண்டு தலைநகரங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இனி இதற்கு என்ன செய்வது?

அரசு அலுவலகம் எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்வது முதல் வேலை. பழைய சென்னை மாகாணத்தில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி வகுத்துத் தந்த கோப்பு முறையின் மேல்தான் தமிழ்நாட்டு மாவட்ட அலுவலகங்கள் இன்றும் நிற்கின்றன. அதன் மையம், ஒவ்வோர் உதவியாளரும் பராமரிக்க வேண்டிய ‘தன் பதிவேடு’. மேசைக்கு வரும் ஒவ்வொரு தாளுக்கும் அதில் ஓர் எண் விழும். எந்தத் தேதியில் வந்தது, யாருக்குப் போனது, என்ன பதில் வந்தது, எப்போது முடிந்தது என்று வரிசையாக எழுதப்படும். கடிதங்களின் தலைப்பில் ‘ந.க.’ என்று தொடங்கும் எண் அங்கிருந்து வருவதுதான். கோப்பு முடிந்ததும் பத்தாண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, ஓராண்டு முடிவு என்று வகை பிரிப்பார்கள். அத்தனை ஆண்டு கழித்து அது அழிக்கப்படலாம் என்று பொருள். உங்கள் மனு ஓராண்டு முடிவாக மூடப்பட்டிருந்தால், இரண்டு வருடம் கழித்துப் போய் “அன்னைக்குக் கொடுத்தேனே ஐயா” என்று சொல்லும்போது, அலுவலகத்தில் அதற்குத் தடயமே இல்லாமல் போகலாம்.

ஆக, நாட்குறிப்பு எழுதுகிற ஓர் அமைப்பிடம் நாம் வெறும் வாயோடு போய் நிற்கிறோம். நாமும் எழுத வேண்டும். நாற்பது பக்க நோட்டு போதும். எந்தத் தேதியில் எந்த அலுவலகம், எந்தப் பிரிவு, யாரிடம் கொடுத்தோம் என்பதை அவர் பதவியோடு எழுத வேண்டும். ரசீது எண், இ-சேவையில் போட்டிருந்தால் விண்ணப்ப எண், குடிமக்கள் கணக்கு எண். அடுத்து என்ன தாள் கேட்டார்கள், எப்போது வரச் சொன்னார்கள். கொடுத்த மனுவின் நகலை அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வைக்கலாம். அந்த வாரமே எழுதிவிட வேண்டும்; பிறகு எழுதலாம் என்று விட்டால் தேதி குழம்பும், தேதி குழம்பினால் நோட்டால் பயனில்லை. வீட்டில் படித்த பெண்பிள்ளை இருந்தால் பெரும்பாலும் அவள்தான் இதைச் செய்கிறாள். பல குடும்பங்களில் பட்டா வந்ததற்கு அவளுடைய கையெழுத்தே காரணம்.

நோட்டில் தேதி இருந்தால் அடுத்த கதவு திறக்கும். 2015 செப்டம்பர் 21-ம் தேதியிட்ட பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் அரசாணை எண் 99, பொதுமக்களின் மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் பதிலும் தர வேண்டும் என்கிறது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். ஒரு மாதம் தாண்டியும் பதில் இல்லையென்றால் 1100 என்ற முதல்வர் உதவி எண் இருக்கிறது. அதைவிட வலுவானது தகவல் அறியும் உரிமைச் சட்டம். மத்தியச் சட்டமாக 2005 அக்டோபர் 12-ல் அது அமலுக்கு வந்தது. தமிழ்நாடு 1997-லேயே தனக்கென ஒரு சட்டம் இயற்றியிருந்தது. பத்து ரூபாய் கட்டணம், நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். கேள்வியை நீட்டி முழக்க வேண்டியதில்லை: இந்தத் தேதியில் இந்த எண்ணில் நான் கொடுத்த மனு எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலருக்குப் போனது, ஒவ்வொருவரும் என்ன நடவடிக்கை எடுத்தார், தன் பதிவேட்டின் அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தூங்கும் கோப்பு பெரும்பாலும் இந்தக் கேள்விக்கே எழுந்து உட்காரும். ஏனென்றால் கேட்கப்படுவது மனுதாரரின் தகுதியைப் பற்றியல்ல, அலுவலரின் பதிவேட்டைப் பற்றி.

பட்டாவில் பிழை இருப்பவர்கள் ஜமாபந்தியைத் தவற விடக் கூடாது. பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடிவதை ஒட்டி ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் அது நடக்கும். கிராமக் கணக்குகள் அத்தனையும் ஒரே மேசைக்கு வந்து தணிக்கையாகும் நாள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும் நாள். எழுத்துப் பிழை போன்றவை தாலுகா அளவிலேயே தீரக்கூடியவை. உரிமையாளர் பெயரே மாறிய யு.டி.ஆர். பிழையென்றால் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் வரை போக வேண்டியிருக்கும். முதலிலேயே சரியான மேசையைத் தெரிந்துகொண்டால் பாதி நடை மிச்சம்.

அலுவலர்களின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. ஒரு கிராம நிர்வாக அலுவலர் தன் ஊரோடு, பணியிடம் காலியாக இருக்கும் பக்கத்து ஊரையும் பார்க்கிறார். பொங்கல் பரிசு, வாக்காளர் பட்டியல், வெள்ளச் சேதக் கணக்கு, பயிர் ஆய்வு என்று எல்லாம் அவர் தலையில். மே, ஜூன் மாதங்களில் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று கேட்டு மாணவர்கள் ஒரே நேரத்தில் குவிகிறார்கள். சேர்க்கைக் கெடு நெருங்கும் வரை காத்திராமல் தேர்வு முடிந்ததுமே விண்ணப்பித்தால் இரு தரப்புக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். மனசாட்சியோடு வேலை செய்கிற எத்தனையோ பேர் இந்தத் துறையில் இருப்பதால்தான் இந்த அளவுக்காவது நடக்கிறது. ஆனால் நல்ல அலுவலர் அமைவதும் அமையாததும் ஒரு குடிமகனின் அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது.

எஸ்டோனியா என்ற சின்ன நாட்டில், அரசு ஒரு தகவலைக் குடிமகனிடம் ஒரு முறைதான் கேட்கலாம் என்பது கொள்கை. ஒரு துறையிடம் கொடுத்ததை இன்னொரு துறை மறுபடி கேட்கக் கூடாது. துறைகள்தான் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். மத்தியப் பிரதேசம் 2010-லேயே சேவை உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. குறித்த நாளுக்குள் சான்று தராத அலுவலருக்கு அங்கே நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். அங்கும் 2012-ல் சேவை உரிமைச் சட்டம் நிறைவேறிவிட்டது. தமிழ்நாட்டில் அது பல ஆண்டுகளாகக் கோரிக்கையாகவே நிற்கிறது.

முகாம்கள் நடத்தி மனு வாங்குவது நல்ல காரியம்தான். ஆனால் முகாமில் கிடைப்பது அந்த நாளின் கவனம். சட்டத்தில் கிடைப்பது உரிமை. கெடு தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று பெயர் குறித்து எழுதிய ஒரு சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்ற வேண்டும். அதை அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் கம்பத்திலும் போடியிலும் ஆண்டிபட்டியிலும் பெரியகுளத்திலும் மக்கள் கேட்க வேண்டும். கேட்ட தேதியையும், அவர் சொன்ன பதிலையும் நோட்டில் எழுதி வையுங்கள்.